இலந்தைப்புலத்துக் கல்

பெரியவளவு,
12.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கைச்சி கமலாவதி எழுதுவது. நானும் மகன் மயூரதனும் சுகம். எனக்குச் சீனி கொஞ்சம் கூட; அது உங்களுக்குப் பழைய செய்தி. உங்கள் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா?

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்கும் போன் உங்கள் மருமகனுடையது. சத்தத்தைக் கூட்டி விறாந்தையில் வைத்துத்தான் என்னைக் கதைக்க விடுகிறான். உங்களுக்கோ காது மந்தம். நான் சீனி வருத்தம் என்றால் நீங்கள் "ஓம், ஓம், இஞ்சையும் மழைதான்" என்கிறீர்கள். அதோடு, எழுதினது கையில் இருக்கும்.

நம் பெரியப்பாவின் மகன், நீதியரசர் பரமலிங்கம் அண்ணை, கொழும்பில் காலமாகி ஒன்றரை வருடம். அவர் பிறந்த வீடு என்று எங்கள் வாசலில் நினைவுக்கல் வைக்க மயூரதன் வாசிகசாலைக்காரரோடு ஓடித் திரிகிறான். நவம்பர் 24, அவர் பிறந்த நாளில் திரைநீக்கம். அதை நீங்கள்தான் செய்ய வேண்டுமாம்.

கல் நேற்று வந்து இறங்கியது. "நீதியரசர் பரமலிங்கம் 24.11.1949 அன்று இலந்தைப்புலம் என்னும் இக்காணியில் பிறந்தார். திரைநீக்கம்: திரு. தம்பிராசா, கனடா" என்று வெட்டியிருக்கிறது. வாசித்துவிட்டு மயூரதனைக் கூப்பிட்டேன். இலந்தைப்புலம் என்று எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். "பிறப்புப் பத்திரத்திலை அப்பிடித்தானம்மா கிடக்கு. பிறந்த இடம் எண்ட கட்டத்திலை காணிப்பேர் எழுதியிருக்கு" என்றான். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து வவுனியாவில் வளர்ந்த பிள்ளை. எங்கள் காணியின் பெயர் பெரியவளவு என்பதே அவனுக்குத் தெரியாது.

ஒழுங்கையின் மற்றத் தொங்கல் முனையில் இருக்கும் இலந்தைப்புலம் யாருடைய காணி என்று உங்களுக்குத் தெரியும். நான் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு மூத்தவர் நீங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்.

நேரத்துக்கு மருந்துக் குளிசை போடுங்கள்.

இப்படிக்கு,
கமலாவதி


ரொறன்ரோ,
04.10.2024

அன்புத் தங்கைச்சிக்கு,

அண்ணை எழுதுவது. மகள் நிரோஜாவும் பிள்ளைகளும் நல்ல சுகம். இங்கே இலை உதிரத் தொடங்கிவிட்டது. உன் சுகத்தைக் கவனி, பாண் தின்கிறதைக் குறை.

அந்தப் பதிவாளர் பின்னேரமானால் நிதானம் இல்லாத ஆள் என்று ஐயா சொல்லுவார். குடிவெறியில் காணிப்பெயரை மாற்றி எழுதிவிட்டார், அவ்வளவுதான். பரமண்ணை பிறந்தது எங்கள் வடக்கறையில். கல்லை மாற்றி வெட்டும்படி மயூரதனுக்குச் சொல்லிவிட்டேன். நீ தேவையில்லாமல் வாயைத் திறவாதே. நல்லம்மாவின் ஆக்கள் காதில் இது விழக் கூடாது. பிறகு எங்கள் தலையில் ஏறி இருப்பார்கள்.

விழாவுக்கு வருவேன். பட்டு வேட்டி எடுத்து வை.

உன் அண்ணை,
தம்பிராசா


பெரியவளவு,
23.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். சுகம் என்று எழுதினதில் சந்தோஷம். என் சுகம் பற்றிப் பிறகு.

நல்லம்மா என்ற பெயரை நான் எழுதவில்லை. காணிப்பெயரைத்தான் எழுதினேன். காது மந்தமானாலும் உங்கள் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

பதிவாளர் வெறியில் எழுதவில்லை. அம்மா சாவதற்கு முன் எனக்கு எல்லாம் சொன்னார். அந்தக் கார்த்திகை வெள்ளத்தில் பெரியம்மா கோயிலிலிருந்து வரும்போது ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைநோக் கண்டு நல்லம்மாவின் வாசற்படலையடியில் விழுந்திருக்கிறார். நல்லம்மா தன் பாயில் கிடத்திப் பிள்ளையை எடுத்தார். வெள்ளம் நாலு நாள் வடியவில்லை. பெரியம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. நல்லம்மாவின் கைக்குழந்தை நடராசா குடித்த முலையில்தான் பரமண்ணையும் குடித்தார். ஐந்தாம் நாள் இங்கே கொண்டுவந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, வடக்கறையில் பிறந்ததாக ஊருக்குச் சொன்னார்கள். பதிவாளருக்கு மட்டும் பொய் சொல்லப் பயந்து உள்ள இடத்தைச் சொன்னார்கள். எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ள விடாத ஆட்களின் பாயில் பிறந்தார் என்று எப்படிச் சொல்வது?

அது போகட்டும். உங்கள் மருமகன் கெட்டித்தனமாகக் கல்லைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டுவிட்டான். முந்தநாள் நல்லம்மாவின் மகள் சுவர்ணா காணி உறுதிப் பத்திரத்தோடு கேற்றடிக்கு வந்தாள். கூடவே அவளுடைய மகன் லக்சன். நல்லூரில் ரியூசன் சென்ரரில் கணக்குப் படிப்பிக்கிற பொடியன். "அக்கா, இலந்தைப்புலம் எங்கடை காணி. கல்லை எங்கடை வளவிலை நடுங்கோ" என்றாள். அவள் வாயால் என்னை அக்கா என்றதைக் கேட்க அம்மா உயிரோடில்லை.

மயூரதன் உறுதியைப் பறித்துக் கிழித்து அவள் முகத்தில் எறிந்தான். "உங்கடை பாயிலையோ நீதியரசர் பிறந்தவர்? வாயைக் கழுவிப்போட்டு வந்து கதை." லக்சன் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தான். மயூரதன் அவன் விலாவில் உதைத்தான். விழுந்தவனை இன்னும் இரண்டு உதை. சப்பாத்துக் காலால். எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. லக்சன் எழும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டான்: "எழுபத்தினாலிலை எங்கடை வீடு எரிஞ்சது எப்பிடி எண்டு நீங்களாவது இவருக்குச் சொன்னியளோ?"

நான் நிலத்தில் கிடந்த கடதாசித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணை, என் பிள்ளை கை நீட்டத் தொடங்கிவிட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் உங்களைத்தான் தெய்வமாக நினைக்கிறான். அவனுக்கு ஒரேயொரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
கமலாவதி


ரொறன்ரோ,
12.11.2024

அன்புத் தங்கைச்சிக்கு,

நலம். குளிர் வந்துவிட்டது. இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்களாம். அதற்கு முன் போட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

அந்த வீடு குப்பி விளக்குத் தட்டுப்பட்டு எரிந்தது. ஊருக்கே தெரியும். நான் அன்று வெங்காய லொறியோடு சாவகச்சேரிச் சந்தையில் நின்றேன். நீ அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுபிள்ளை. தெரியாத கதையை விட்டுவிட்டு விழாவுக்கு வேண்டிய அலுவலைப் பார். மயூரதன் ஆம்பிளைப் பிள்ளை. குடும்ப மானத்துக்காகக் கை நீட்டினால் குற்றமில்லை.

சீனியைக் கவனி.

உன் அண்ணை,
தம்பிராசா


பெரியவளவு,
08.12.2024

அன்புள்ள அண்ணைக்கு,

வெள்ளம் வந்து போனதில் ஒரு கிழமை வீட்டுக்குள்ளே அடைபட்டுக் கிடந்தோம். இப்போது சுகம். உங்கள் காலுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, கவனம்.

விழாவைத் தைப்பூசத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கல்லில் வெட்டினதை அழிக்க முடியாது, புதுக்கல்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பழைய கல் சாக்கால் மூடி மாட்டுக்கொட்டிலில் கிடக்கிறது.

லக்சன் கச்சேரி அலுவலகத்தில் பிறப்புப் பதிவின் பிரதி எடுத்து, வாசிகசாலைக் கூட்டத்தில் எழும்பி வாசித்தான். மற்ற நாள் காலை சுவர்ணா கிணற்றில் வாளியை விட, கறுப்பாக வந்தது. கராஜில் கழிவாகும் எஞ்சின் ஒயில், இரண்டு பீப்பாய் அளவு. செத்த நாய் ஒன்றும் மிதந்தது. கழுத்து அறுக்கப்பட்டிருந்தது. அது அவர்கள் வளர்த்த நாய். நானும் போய் எட்டிப் பார்த்தேன். மயூரதனின் காற்சட்டையில் ஒயில் கறை. தோய்க்கப் போட்டிருந்தான். நான் தோய்க்கவில்லை.

இரவில் அவன் உங்களோடு போனில் கதைக்கும்போது இப்போது சத்தத்தைக் கூட்டுவதில்லை. "ஓம் மாமா, ஓம் மாமா" என்பது மட்டும் எனக்குக் கேட்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த வீடு எரிந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. ஆவணி வெயில். பட்டப்பகலில் குப்பி விளக்கை யார் ஏற்றுவார்கள்?

இப்படிக்கு,
கமலாவதி


பெரியவளவு,
26.12.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பதிலைக் காணவில்லை. சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலைநிறுத்தம் முடிந்துவிட்டதாகத் தபாலகத்தில் சொன்னார்கள்.

நேற்று மயூரதனின் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது விளக்குமாறு எதிலோ தட்டியது. சாக்கில் சுற்றிய வாள். லொறி வில்லுத்தகட்டில் அடித்தது, பிடிக்குக் கறுப்பு ரேப் சுற்றியிருக்கிறது. இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தாய் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபத்துநாலில் பரமண்ணை சட்டம் படித்து அப்புக்காத்தாகி ஊருக்கு வந்தபோது மேளத்தோடு கூட்டி வந்தோம். நல்லம்மா கேற்றடியில் நின்றார். "தம்பி, என்ரை பாயிலை பிறந்த பிள்ளை நீ. ஒருக்கால் முகத்தைக் காட்டு" என்றார். மேளகாரர் நிறுத்தின நேரம். எல்லாருக்கும் கேட்டது. பரமண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரில் ஏறினார். பிறகு எத்தனை பேருக்குத் தீர்ப்பு எழுதினார். இதற்கு ஒரு வரி எழுதவில்லை.

மூன்றாம் நாள் அந்த வீடு எரிந்தது. நல்லம்மாவும் சுவர்ணாவும் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றார்கள். நடராசாவுக்கு அம்மாள் வருத்தம். கண் திறக்க முடியாமல் உடம்பெல்லாம் கொப்பளம் போட்டு, வேப்பிலையில் தனியே கிடந்தான். பரமண்ணையின் வயதுதான், இருபத்தைந்து. ஓலை வீடு. அவன் கத்தினது எங்கள் குசினி வரை கேட்டது. தட்டிக் கதவை உள்ளே இருந்து அடித்த சத்தமும் கேட்டது. அது திறக்கவில்லை. வெளியே கயிற்றால் கட்டியிருந்தது.

நீங்கள் பின்வேலியால் வந்தீர்கள். கையெல்லாம் மண்ணெண்ணெய். "தங்கைச்சி, தண்ணி வார்" என்றீர்கள். வாளியை எடுத்தேன். வாளியில் கயிறு இல்லை. காலையில் இருந்த கயிறு. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். பிறகு தொட்டியில் கிடந்த தண்ணீரைச் செம்பால் மொண்டு வார்த்தேன். சவுக்காரமும் எடுத்துத் தந்தேன். அவன் அப்போதும் கத்திக்கொண்டிருந்தான்.

ஐம்பது வருடம் நான் இதை யாருக்கும் சொல்லவில்லை. உங்களைக் காட்டிக் கொடுக்கவும் இப்போது எழுதவில்லை. "மயூரதன், நான் செய்த பிழையை நீ செய்யாதே" என்று அவனுக்கு எழுதுங்கள். அது போதும். என் பிள்ளையை எனக்குத் தாருங்கள்.

இப்படிக்கு,
கமலாவதி


ரொறன்ரோ,
20.01.2025

தங்கைச்சிக்கு,

பொங்கல் வாழ்த்து. உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

உனக்குச் சீனி தலைக்கு ஏறிவிட்டது. நல்ல டொக்டரிடம் காட்டு. அந்தக் கடிதத்தை நிரோஜா காணாமல் அடுப்பில் போட்டேன். நீயும் இப்படி எழுதுவதை நிறுத்து.

கல்லைப் பற்றி உவையோடு, அந்த நல்லம்மாவின் ஆக்களோடு, பேச்சு இல்லை. அந்தப் பொடியன் பதிவுப் பிரதியைக் கொண்டு திரிகிற கையை வைத்துக்கொண்டுதான் துள்ளுகிறான். கொஞ்சம் வெருட்டினால் அடங்குவார்கள், முந்தியும் அடங்கினவர்கள்தான். மயூரதனுக்கு வேண்டியதைச் சொல்லியிருக்கிறேன். நீ குறுக்கே நிற்காதே.

பூசத்துக்கு இரண்டு நாள் முன் வந்து இறங்குவேன்.

உன் அண்ணை,
தம்பிராசா


பெரியவளவு,
04.02.2025

அண்ணைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி?

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணி. லக்சன் மருதனார்மடம் சந்தியில் பஸ்சால் இறங்கி மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றான். சந்தை நிறையச் சனம். இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர், முகத்தில் கறுப்புத் துணி. முதல் வெட்டு முதுகில். விழுந்தவனின் வலது கையை ஒருவன் காலால் மிதித்துப் பிடிக்க, மற்றவன் வெட்டினான். ஒரே வெட்டில் போகவில்லை. மூன்று முறை வெட்டினான். நாலு விரலும் கத்தரிக்காய்க் குவியலுக்குள் போய் விழுந்தன. வியாபாரம் செய்த மனிசி ஒருத்தி அவற்றைப் பொறுக்கித் தன் சீலைத் தலைப்பில் முடிந்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். பொருத்த முடியவில்லை. அந்தக் கையால்தான் அவன் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதிக் காட்டுகிறவன்.

சுவர்ணாவின் வீட்டு யன்னல் முழுக்க உடைத்து, வாசலில் நின்ற சைக்கிளைக் கொளுத்திவிட்டுத்தான் போனார்கள்.

ஐந்து மணி போல மயூரதன் பின்வேலியால் வந்தான். கரண்ட் இல்லை, மோட்டர் ஓடாது. கிணற்றடியில் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினான். "அம்மா, தண்ணி வாருங்கோ."

அண்ணை, அது உங்கள் குரல். அச்சொட்டாக உங்கள் குரல். என் கை தன்பாட்டில் வாளிக்குப் போனது. போன கையை நான் இழுத்தேன்.

"உன்ரை கையிலை கிடக்கிறது ஆரின்ரை ரத்தம்?" என்று கேட்டேன். "மாமாதான் சொன்னவர். மாமா முந்தி ஒருக்கால் ஊரையே அடக்கினவராம்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் வாளியைக் கிணற்றுக்குள் கயிற்றோடு எறிந்தேன். அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு என்னைத் தள்ளிவிட்டான். தொட்டி விளிம்பில் அடிபட்டு நெற்றி பிளந்தது. ஆறு தையல்.

அவன் மாட்டுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருக்கும்போது நான் றோட்டுக்கு வந்து, முன்வீட்டு றமேஸின் ஓட்டோவில் ஏறிப் பொலிசுக்குப் போனேன். நெற்றி ரத்தத்தோடு போனதால் புருஷன் அடித்த வழக்கு என்று நினைத்தார்கள். என் மகன் ஒரு பிள்ளையின் கையை வெட்டிவிட்டு வந்திருக்கிறான், வாள் கட்டிலுக்குக் கீழே இருக்கும், போய் எடுங்கள் என்றேன்.

எடுத்தார்கள். இப்போது மறியலில், சிறைக்குள் இருக்கிறான். நேற்றுப் பார்க்கப் போனேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு போனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சோற்றை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ஆனால் இந்த முறை நான் காதில் விழுந்ததை விழாதது போல இருக்கவில்லை.

உங்கள் பொங்கல் கடிதம் இன்று காலைதான் வந்தது.

கமலாவதி


ரொறன்ரோ,
17.02.2025

கமலாவதிக்கு,

நான் வரவில்லை. பயணச்சீட்டை நிரோஜா ரத்துச் செய்துவிட்டாள். ஏன் என்று அவள் என்னைக் கேட்கவும் இல்லை. என்னோடு கதைக்கிறதும் இல்லை. நீ அவளுக்கும் எழுதினாயா?

பெற்ற பிள்ளையை உவைக்காகக் காட்டிக் கொடுத்த தாய் உலகத்தில் நீ ஒருத்திதான். நான் வெருட்டச் சொன்னேனே தவிர வெட்டச் சொல்லவில்லை. உடனே அப்புக்காத்தைப் பிடி. வாக்குமூலத்தை மாற்று. மாற்றாவிட்டால் எனக்குத் தங்கைச்சி இல்லை.

என் கடிதங்களை எரித்துவிடு. எரித்தேன் என்று எழுது.

தம்பிராசா


பெரியவளவு,
16.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நெற்றித் தையல் வெட்டியாயிற்று. சீனியும் குறைந்திருக்கிறது. உங்களுக்கு நெஞ்சு நோவு வந்து ஆசுப்பத்திரியில் நின்றதாக நிரோஜா றமேஸின் போனில் சொன்னாள். ஓம், அவளுக்கு நான் எழுதினேன். இப்போது கிழமைக்கு ஒரு தரம் என்னோடு கதைக்கிறாள். நல்ல பிள்ளை.

கடிதங்களை எரிக்கவில்லை. "கொஞ்சம் வெருட்டினால் அடங்குவார்கள், முந்தியும் அடங்கினவர்கள்தான்" என்று நீங்கள் எழுதிய கடிதத்தைப் பொலிசில் கொடுத்தேன். மற்றவற்றுக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். முந்தி என்றால் எப்போது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒரு முழுநாள் இருந்து சொன்னேன், நான் வார்த்த தண்ணீரையும் சேர்த்து. ஐம்பது வருடத்துக்குப் பிறகு என்னத்தைச் செய்வார்களோ தெரியாது. எழுதிக் கையெழுத்து வைத்தாயிற்று.

மயூரதனுக்கு இன்னும் பிணை இல்லை. போன கிழமைதான் முதல் தரம் சாப்பாட்டை வாங்கினான். "மாமா அந்த ஆளை உள்ளுக்கை வைச்சுத்தான் கொளுத்தினவரோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். "எனக்கு வீட்டைக் கொளுத்தினது எண்டு மட்டும்தான் சொன்னவர்" என்றான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளையில் அழுதது போல அழுதான். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

கல் நட்டாயிற்று, அண்ணை. நேற்றுக் காலை.

மாட்டுக்கொட்டிலில் கிடந்த பழைய கல்லை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி இலந்தைப்புலத்துக்குக் கொண்டு போனேன். வாசிகசாலைக்காரர் ஒருவரும் வரவில்லை. ஒழுங்கை முழுக்கக் கதவு யன்னலைச் சாத்திக்கொண்டார்கள், சாத்திவிட்டு நீக்கலால் பார்த்தார்கள். எரிந்த வீட்டின் அத்திவாரம் இன்னும் பற்றைக்குள் கிடக்கிறது. அதில் நட்டோம். குழிக்கு முதல் அலவாங்குக் குத்து நான் போட்டேன். துணியை இழுத்தது லக்சன், இடது கையால்.

முன்பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதே, அழிப்பமோ என்று சுவர்ணா கேட்டாள். கிடக்கட்டும் என்றேன். பின்பக்கத்தில் புதிதாக வெட்டுவித்ததை அப்படியே எழுதுகிறேன்:

"நீதியரசரோடு ஒரு தாயின் பால் குடித்த நடராசா, 1974 ஆவணியில் இவ்வீட்டுக்குள் வைத்து எரிக்கப்பட்டார். கதவைக் கட்டியவர் தம்பிராசா. அவர் கை கழுவத் தண்ணீர் வார்த்தவர் கமலாவதி."

கல் வெட்டுகிறவர் என் பெயரைப் போடத் தயங்கினார். உங்கள் பெயர் தனியே நிற்க வேண்டாம் என்றுதான் போடச் சொன்னேன். சேர்ந்து செய்ததுதானே.

குளிர் விட்டதும் ஊருக்கு வாருங்கள். பட்டு வேட்டி எடுத்து வைத்தபடியே இருக்கிறது. கிணற்றடியில் வாளி இருக்கிறது, புதுக்கயிறும் போட்டிருக்கிறேன். கை கழுவ நீங்களே அள்ளிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கைச்சி,
கமலாவதி